உடைந்த ஊசியின் கணக்கு

குழந்தைகளின் முதுகில் ஊடுருவும் காயங்கள்: கண்டறிதலும் சிகிச்சையும்

(திருப்பூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் எந்த ஏற்றுமதி பனியன் கம்பெனிக்குள் போனாலும் ஒரு நோட்டைப் பார்க்கலாம். உடைந்த ஊசிகளுக்கான நோட்டு. தைத்துக்கொண்டிருக்கும்போது ஊசி உடைந்தால் டெய்லர் மெஷினை நிறுத்திவிட வேண்டும். துண்டுகளைத் தேடி எடுத்து, டேப் போட்டு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் தேதியும் மெஷின் எண்ணும் எழுத வேண்டும். துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் முழு ஊசி கிடைக்க வேண்டும். ஒரு துளி குறைந்தாலும் அந்த பண்டலை ஒதுக்கி மெட்டல் டிடெக்டரில் விட்டுப் பார்ப்பார்கள். கடல் தாண்டி ஏதோ ஒரு ஊரில் அந்தச் சட்டையைப் போடப்போகும் குழந்தையை முனை குத்திவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும்.

நான் இன்று சொல்லப்போவதை அந்த நோட்டிலேயே அடக்கிவிடலாம். சிறு குழந்தையின் முதுகில் கூர்மையான எதுவும் குத்தினால், குத்திய பொருள் முழுதாகக் கணக்கில் வரும்வரை அது சின்னக் காயம் அல்ல. இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. ஒரு ஓவர்லாக் டெய்லரிடம் கற்றேன்.

நான் கேட்காத கேள்வி

அப்போது நான் பயிற்சி மருத்துவன். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம், தவறு என்னுடையது. இரவு ஒன்பது மணி இருக்கும். நான்கு வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஓர் அம்மா வந்தார். பகலில் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின். ராத்திரி லைன் வீட்டில், பீஸுக்கு இவ்வளவு என்று பிசிறு வெட்டுகிற வேலை. ஒற்றை அறையில் குவிந்துகிடந்த துணிமேல் குழந்தை குதித்து விளையாடி மல்லாக்க விழுந்திருக்கிறது. துணிக்குள் டிரிம்மர் கிடந்திருக்கிறது, பிசிறு வெட்டும் சின்னக் கத்தரி. இடுப்புக்குச் சற்று மேலே, முதுகின் நடுக்கோட்டில், அரை சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கீறல். ரத்தம் நின்றிருந்தது. குழந்தை அழுதது, காலை உதைத்தது, என் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுத்தது. ஒரு தையல், ஒரு தடுப்பூசி, ஐந்து நாளைக்கு மருந்து. "தோல் காயம்தாம்மா, பயப்படாதீங்க" என்று அனுப்பிவைத்தேன்.

எட்டாம் நாள் திரும்பி வந்தார்கள். காய்ச்சல், வாந்தி, கழுத்து வளையவில்லை. முதுகில் கட்டு நனைந்திருந்தது. சீழ் இல்லை, ரத்தமும் இல்லை. பச்சைத் தண்ணீர் மாதிரி. எக்ஸ்ரே எடுத்தோம். முள்ளெலும்புகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது. அந்த அம்மா முந்தானையில் முடிந்துவைத்திருந்த டிரிம்மரை எடுத்து மேஜைமேல் வைத்தார். இரண்டு அலகில் ஒன்றுக்கு நுனி இல்லை.

"கம்பெனில ஊசி உடைஞ்சா துண்டக் காமிச்சாத்தானுங்க அடுத்த ஊசி. நீங்க கத்தரி எங்கன்னு கேக்கவே இல்லீங்களே டாக்டர்."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு வேலைக்காரர் இன்னொரு வேலைக்காரரின் வேலையில் விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டுகிற குரலில் சொன்னார்.

தண்டுவடம் எங்கே முடிகிறது

அந்தக் குழந்தை ஏன் காலை உதைத்தது? தண்டுவடத்துக்குப் பக்கத்தில் இரும்பு முனை இருக்கும்போது கால் எப்படி ஓடும்? இதற்கு உடற்கூறு தெரிய வேண்டும்.

கருவில் மூன்றாம் மாதம் வாக்கில் தண்டுவடம் முதுகெலும்புக் குழாயின் அடிவரைக்கும் நிறைந்திருக்கும். பிறகு எலும்பு வேகமாக வளர, தண்டுவடம் மேலேயே தங்கிவிடுகிறது. பிறக்கும்போது அதன் நுனி இடுப்புப் பகுதியின் இரண்டாம் அல்லது மூன்றாம் முள்ளெலும்பருகே இருக்கும். பெரியவர்களுக்கு முதல் முள்ளெலும்புக்கும் இரண்டாவதுக்கும் இடையே முடிந்துவிடும். அதற்குக் கீழே இருப்பது நரம்புக் கற்றை. பார்க்கக் குதிரையின் வால் மாதிரி இருப்பதால் அதற்கு அந்தப் பெயரே வைத்துவிட்டார்கள். இந்தக் கற்றை மூளைத் தண்டுவட நீரில் மிதக்கிறது. முனை வரும்போது மிதக்கிற நரம்புகள் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளும். அப்படியே அடிபட்டாலும் தண்டுவடத்தைவிடத் தேறும் வாய்ப்பு அதிகம். நம் குழந்தைக்கு முனை இறங்கியது மூன்றாவது, நான்காவது முள்ளெலும்புகளுக்கு நடுவே. இரண்டு விரல்கடை மேலே இறங்கியிருந்தால் கதை வேறு.

இன்னொன்றும் உண்டு. முள்ளெலும்புகளின் பின்புறத் தகடுகளுக்கு இடையே இயற்கையாகவே இடைவெளி இருக்கிறது. முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கும்போது நாங்கள் நோயாளியைக் குனியவைத்து அந்த இடைவெளி வழியாகத்தான் போகிறோம். சிறு குழந்தைக்குத் தகடுகளில் குருத்தெலும்பு இன்னும் மிச்சமிருக்கும். தோலிலிருந்து, தண்டுவடத்தையும் அதன் நீரையும் சூழ்ந்த உறை வரைக்கும் தூரமும் குறைவு. மருத்துவர் பழகிப் பழகி நுழையும் வழியில் ஒரு டிரிம்மர் முனை ஒரே விழுகையில் நுழைந்துவிடும்.

காயம் சின்னது, கணக்கு பெரியது

2025 ஜனவரி 16 அதிகாலையில் மும்பை பாந்திராவில் நடிகர் சைஃப் அலி கானை அவர் வீட்டுக்குள்ளேயே ஒருவன் கத்தியால் குத்தியது நினைவிருக்கும். கத்தித் துண்டு முதுகெலும்பருகே சிக்கியிருந்தது. தண்டுவட நீர் கசிந்துகொண்டிருந்தது. லீலாவதி மருத்துவமனையில் துண்டை எடுத்து, கசிவை அடைத்தார்கள். ஆட்டோவில் வந்து இறங்கியவர், ஐந்து நாள் கழித்து நடந்தே வீட்டுக்குப் போனார். முதுகெலும்பில் கத்தி பாய்ந்தவர் நடப்பாரா என்று நாடு முழுக்கச் சந்தேகம் கிளம்பியது. நடப்பார். உறை கிழிந்து தண்டுவடம் தப்பியிருந்தால் நடப்பார். நடப்பதால் மட்டும் ஆபத்து நீங்கிவிடாது என்பதுதான் அந்தச் செய்தியில் நமக்கான பாடம். காலை உதைத்த குழந்தையைப் பார்த்து நான் ஏமாந்ததும் அதே இடத்தில்தான்.

குண்டடியில் சுற்றியுள்ள திசுவும் அதிர்ந்து சிதையும். கத்தி, கத்தரி, ஊசி, கண்ணாடி போன்றவை தொட்ட இடத்தை மட்டும் வெட்டும். இவ்வகைக் காயங்களைப் பற்றிய பெரிய தொகுப்பு தென்னாப்பிரிக்காவிலிருந்து 1977இல் வெளிவந்தது, 450 பேர். பாதிக்கு மேல் நெஞ்சுப் பகுதி முதுகில் குத்துப்பட்டவர்கள். வெட்டு தண்டுவடத்தின் ஒரு பாதியோடு நின்றுவிட்டால் ஒரு விசித்திரம் நடக்கும். குத்துப்பட்ட பக்கத்துக் கால் வலுவிழக்கும். எதிர்ப்பக்கத்துக் காலில் வலியும் சூடும் குளிரும் தெரியாது. மொரீஷியஸில் 1817இல் பிறந்த பிரௌன் செக்கார் இதை விளக்கியதால் அவர் பெயராலேயே அழைக்கிறோம். தண்டுவடக் காயங்களில் நன்றாகத் தேறுகிற வகை இது.

திருப்பூர்த் தாய்மார்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. முதுகில் குத்துப்பட்ட குழந்தை ஒரு காலை இழுத்து நடந்தால் எல்லோரும் அந்தக் காலைத்தான் தடவிப் பார்க்கிறோம். நன்றாக நடக்கிற மறு காலையும் சோதியுங்கள். குளிர்ந்த எவர்சில்வர் டம்ளரை அந்தக் காலில் வைத்தால் குழந்தை காலை இழுத்துக்கொள்கிறதா? இழுத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

பேசத் தெரியாத நோயாளி

பெரியவர்களைச் சோதிக்க ஒரு முறை இருக்கிறது. "இங்கே தொட்டால் தெரிகிறதா, கூர்மையா மழுங்கலா" என்று வரிசையாகக் கேட்டு மதிப்பெண் போடுவோம். நான்கைந்து வயதுக்குக் கீழே அந்த மதிப்பெண்ணை நம்ப முடியாது. குழந்தையிடம் கேட்பதை விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். அம்மா மடியில் இருக்கும்போதே பார்க்க வேண்டும். உள்ளங்காலில் கூசவைத்தால் விரல்கள் விரிகின்றனவா? பொம்மையைத் தள்ளிவைத்தால் இரண்டு முழங்காலாலும் தவழ்கிறதா? அடிவயிறு உப்பியிருக்கிறதா? சிறுநீர் ஒரேயடியாகப் போகாமல் சொட்டுச் சொட்டாகக் கசிகிறதா? கடைசிக் கேள்வியை அவசரத்தில் விட்டுவிடுகிறோம். சிறுநீர்ப்பை நரம்பு அடிபட்டதற்கு அதுவே முதல் அறிகுறியாக இருக்கலாம்.

இந்த ஊரில் இன்னொரு சிரமம். அம்மா ஒடியாவோ, போஜ்புரியோ பேசுகிறவராக இருப்பார். என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள, பக்கத்து லைனில் இருக்கும் பையனைக் கூட்டிவர வேண்டியிருக்கும். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தக் கூடாது. எப்போது நடந்தது, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது, எதன்மேல், அந்தப் பொருள் இப்போது எங்கே. சொல்லும் கதையும் காயமும் பொருந்தாவிட்டால் இன்னும் நிதானமாகக் கேட்க வேண்டும். குழந்தைகள் உடம்பில் வேண்டுமென்றே செலுத்தப்பட்ட ஊசிகளை மருத்துவ உலகம் கண்டிருக்கிறது. அப்படிப்பட்ட சந்தேகம் வந்தால் 1098 என்ற எண் இருக்கிறது. காவல்துறைக்கும் தெரிவித்தாக வேண்டும்.

பல்லடம், மங்கலம் பக்கம் விசைத்தறி ஓடுகிற வீடுகளில் நாடாவைப் பார்த்திருப்பீர்கள். மரக்கட்டை, இரு நுனியிலும் இரும்புக் கூர். தறியிலிருந்து நாடா தெறிப்பது தறிக்காரர்களுக்குப் புதிதல்ல. தறிக்கூடத்தில் நடைபழகும் குழந்தை உள்ள வீட்டில், முதுகிலோ கழுத்திலோ சின்னத் துளை தெரிந்தால் நாடாவையும் சந்தேகிக்க வேண்டும்.

பிறகு படம். முதலில் எக்ஸ்ரே, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ஒரே கோணத்தில் எடுத்தால் முனை தோலில் இருக்கிறதா, எலும்புக்குள் இருக்கிறதா என்று தெரியாது. உலோகம் பளிச்சென்று தெரியும். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் உள்ள கண்ணாடித் துண்டும் அநேகமாகத் தெரிந்துவிடும். மரச்சிலாம்பு, முள், பிளாஸ்டிக் போன்றவை தெரியாமல் போகும். எனவே எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்பதால் உள்ளே ஒன்றும் இல்லை என்று ஆகாது. அடுத்தது சி.டி. ஸ்கேன், முனை எந்த வழியாகப் போயிருக்கிறது, எலும்பு சிதறியிருக்கிறதா என்பதை அது காட்டும். நெஞ்சுப் பகுதியில் குத்து என்றால் நுரையீரலையும், இடுப்புப் பகுதி என்றால் வயிற்றுக்குள் இருப்பவற்றையும் கூடவே பார்த்துவிட வேண்டும். சில சமயம் உயிரை எடுப்பது தண்டுவடக் காயமாக இருக்காது.

எம்.ஆர்.ஐ. தண்டுவடத்தையே காட்டும். ஆனால் அது பெரிய காந்தம். வழக்கமான 1.5 டெஸ்லா கருவியின் காந்தபலம் பூமியின் காந்தபலத்தைப் போல ஏறத்தாழ முப்பதாயிரம் மடங்கு. தையல் மெஷின் ஊசி எஃகு. உள்ளே எஃகு முனை இருக்கும் குழந்தையை அதற்குள் அனுப்பினால் முனை நகரலாம். சின்னக் காந்தத்தை மிச்சத் துண்டின் அருகில் கொண்டுபோனாலே, உள்ளே இருப்பதைக் காந்தம் இழுக்குமா என்று தெரிந்துவிடும். அதனால்தான் குத்திய பொருளின் மிச்சத்தையும் எடுத்துவரச் சொல்கிறேன்.

உள்ளே தங்கிவிட்ட முனையும், மூடாத உறையும் காத்திருக்கும். ஒரு வாரத்தில் மூளைக்காய்ச்சலாக வரலாம். சில மாதம் கழித்து மறுபடி மறுபடி வரலாம். காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப மூளைக்காய்ச்சல் வரும் குழந்தையின் முதுகைச் சட்டையைக் கழற்றிப் பாருங்கள். பழைய தழும்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

வீட்டில், வழியில்

குத்திய பொருள் முதுகில் நட்டுக்கொண்டு நின்றால் பிடுங்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ரத்தக்குழாயை அந்தப் பொருளே அடைத்துக்கொண்டிருக்கலாம். பிடுங்கும்போது ஆட்டினால் தப்பித்த நரம்பும் அறுந்துவிடும். கட்டிங் வேஸ்ட் துணியைச் சுருட்டி இருபுறமும் அண்டை கொடுத்து, ஆடாதபடி கட்டுங்கள். குழந்தையைக் குப்புறவோ ஒருக்களித்தோ படுக்கவையுங்கள். மூச்சு சீராக இருக்கிறதா, ரத்தம் பீறிடுகிறதா என்பதுதான் முதல் கவலை. காயத்தில் காப்பித்தூள், மஞ்சள்தூள் வேண்டாம். விரலை விட்டு ஆழம் பார்க்கவும் வேண்டாம். உடைந்த மிச்சத்தை ஒரு டப்பாவில் போட்டுக் கையோடு எடுத்து வாருங்கள்.

விழுந்ததில் கழுத்தும் அடிபட்டிருக்கலாம் என்று தோன்றினால் இன்னொரு விஷயம். சிறு குழந்தைக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிது. பலகையில் மல்லாக்கப் போட்டால் தலை முன்னால் தள்ளிக் கழுத்து மடங்கிவிடும். தோளுக்கும் உடம்புக்கும் கீழே மடித்த துணி வைத்து உயர்த்தினால் கழுத்து நேராகும்.

108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிறது. 2022 ஜனவரியில் திருப்பூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. கோயம்புத்தூர் சுமார் ஐம்பது கிலோமீட்டர். முதல் மருத்துவர் செய்ய வேண்டியது குழந்தையைத் தேற்றி, எக்ஸ்ரே எடுத்து, அறுவைக்குத் தயார் நிலையில் இருக்கும் இடத்துக்குப் போன் செய்து அனுப்புவதே. உள்ளே தெரியும் முனையை அவசரப் பிரிவிலேயே இடுக்கியால் இழுத்துப் பார்ப்பது வீரம் அல்ல.

மூடியைத் திறந்து மூடுதல்

எல்லாருக்கும் அறுவை வேண்டியதில்லை. பொருள் உள்ளே இருந்தால், தண்டுவட நீர் கசிந்தால், காலின் பலம் மணிக்கு மணி குறைந்தால், ரத்தக்கட்டோ எலும்புச் சில்லோ தண்டுவடத்தை அழுத்தினால் தாமதிக்கக் கூடாது. பொருளும் இல்லை, கசிவும் இல்லை, குழந்தை தேறிவருகிறது என்றால் அருகிலிருந்து கவனிப்பதே சிகிச்சை.

அறுவை என்றால், குழந்தையைக் குப்புறப் போட்டு, குத்து விழுந்த முள்ளெலும்புக்கு மேலும் கீழும் தகடுகளைத் திறக்கிறோம். முனை கண்ணுக்கு முழுதாகத் தெரிந்த பிறகுதான், வந்த பாதையிலேயே நேர்கோட்டில் பின்னால் எடுக்கிறோம். உறையின் கிழிசலைத் தைக்கும் நூலோடு ஒப்பிட்டால் ஓவர்லாக் நூல் கயிறு. தையல் நீர் கசியாததாக இருக்க வேண்டும். வலு வேண்டும் என்றால் குழந்தையின் கொழுப்புத் துண்டையே மேலே ஒட்டுவோம். வளரும் குழந்தையாதலால், முடிந்தவரை எடுத்த எலும்புத் தகட்டைத் திரும்ப மூடிபோல வைத்துவிடுவோம். எடுத்தபடியே விட்டால் பின்னாளில் முதுகு கூன ஆரம்பிக்கலாம்.

ஸ்டீராய்டு கொடுக்கலாமா என்று உறவினர்கள் கேட்பார்கள். 1990இல் வந்த அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு தண்டுவடக் காயம் என்றாலே அதிக அளவில் கொடுக்கும் வழக்கம் பரவியது. குத்துக்காயத்தில் அது பயன் தருவதற்குச் சான்று இல்லை. கிருமி பரவ வழிவிடும். கிருமிக்கு மருந்து, ரண ஜன்னிக்குத் தடுப்பூசி இரண்டும் தேவை. குழந்தையின் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களிலும், ஒன்றரை வயது வாக்கிலும், ஐந்து வயதிலும் போட வேண்டியவை விட்டுப்போயிருக்கின்றனவா? ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களில் அட்டையே சொந்த ஊரில் இருக்கும்.

நம் குழந்தைக்கு இரண்டு மணி நேரம் ஆனது. எடுத்த முனையைத் துடைத்து, அந்த டிரிம்மரின் முறிந்த அலகோடு சேர்த்து வைத்துப் பார்த்தோம். பொருந்தியது. கத்தரி முழுதானது. மூளைக்காய்ச்சலுக்கு மூன்று வாரம் மருந்து ஏறியது. அவள் நடந்தே போனாள். அதில் என் திறமையைவிட, முனை இறங்கிய இடத்துக்குப் பங்கு அதிகம்.

நடக்காத குழந்தைகளுக்காக

எல்லாக் குழந்தைகளும் நடந்து போவதில்லை. அவர்களைப் பற்றிப் பேசாமல் இந்த உரையை முடிப்பது நியாயமில்லை.

தண்டுவடம் முழுதாக அறுபட்டால் அதை ஒட்டவைக்க இன்று வழியில்லை. ஆனால் அதற்குப் பின்னும் நீண்ட வாழ்க்கை உண்டு. அதைக் கெடுப்பவை மூன்று: சிறுநீரகம், தோல், முதுகுத்தண்டின் வளைவு. சிறுநீர்ப்பை தானாகக் காலியாகாமல் நீர் மேலேறிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். 1972இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லேப்பிடஸ் ஓர் எளிய வழியைச் சொன்னார். அறுவை அரங்கச் சுத்தம் தேவையில்லை. சோப்புப் போட்டுக் கழுவிய கையும், கழுவிய குழாயும், நேரம் தவறாமையும் போதும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரை எடுத்துவிட வேண்டும். திருப்பூர் அம்மாவுக்கு இதன் பொருள், ஷிப்டின் நடுவில் பள்ளிக்கூடத்துக்கு ஒருமுறை போய்வர அனுமதி வேண்டும் என்பது. தோலுக்கு, உணர்ச்சியில்லாத இடத்தை நேரத்துக்கு நேரம் அழுத்தமில்லாமல் மாற்றிவைக்க வேண்டும். வளர்ச்சி வேகம் எடுக்கும் வயதுக்கு முன்பே கால் செயலிழந்த குழந்தைகளில் ஏறத்தாழ எல்லோருக்கும் முதுகு வளையும். ஆண்டுதோறும் எக்ஸ்ரே, தேவைப்பட்டால் பெல்ட்.

இவர்களுக்கு வழிகாட்டிகள் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.யின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கக் காரணமானார். தென்காசிக்குப் பக்கத்து ஆய்க்குடியின் எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படைத் தேர்வில் கழுத்தில் அடிபட்டு, கைகால் அசையாத நிலையில் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். இன்று அங்கே குழந்தைகள் பயிற்சி பெறுகிறார்கள். தண்டுவடம் அறுந்த குழந்தையின் பெற்றோரிடம் பேசும்போது எதிர்காலத்தைப் பற்றி நான் வாய்ச்சொல்லாக ஆறுதல் சொல்வதில்லை. இந்த இரண்டு பெயர்களைச் சொல்கிறேன்.

நோட்டில் ஒரு பத்தி

கடைசியாக, தடுப்பது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பகம் வைக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் சொன்னது. இவை கம்பெனி கேட்டுக்கு உள்ளே. பிசிறு வெட்டுகிற மூட்டை கேட்டைத் தாண்டி லைன் வீட்டுக்குப் போனதும் டிரிம்மருக்குக் கணக்கு இல்லை. காப்பகமும் இல்லை, மெட்டல் டிடெக்டரும் இல்லை. கம்பெனிக்குள் ஊசிக்கு இருக்கும் நோட்டு, மூட்டையோடு வீட்டுக்குப் போகட்டும் என்று முதலாளிகளைக் கேட்டுக்கொள்கிறேன். எண்ணிக் கொடுத்த டிரிம்மரை எண்ணி வாங்குங்கள். முனை முறிந்ததை மாற்றிக் கொடுங்கள். அதற்கு மூடியுள்ள ஒரு டப்பாவும் கொடுங்கள்.

மருத்துவத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். என் பிரிவில் காயத்தோடு வரும் குழந்தைகளுக்கான சீட்டில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: குத்திய பொருள் எது, முழுதாக இருக்கிறதா, யார் பார்த்தது. மூன்று கோடிட்ட இடங்கள். நிரப்பாமல் குழந்தையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது விதி. அந்த வரியைச் சேர்க்கவைத்த அம்மாவின் பெயர் சீட்டில் இல்லை. அவர் இந்நேரம் எங்கோ ஒரு கம்பெனியில், உடைந்த ஊசியின் துண்டை டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருப்பார்.